கை இறங்கும்வரை

ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். ஏன் எல்லாரும் ஒரே நாளில் மாறவேண்டும் என்று கேட்டால் ஒருவருக்கும் ஒழுங்கான பதில் தெரியாது. மாறுகிறார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு நடைபாதை முழுக்கக் கட்டில், மெத்தை, கால் உடைந்த கதிரை, ஒற்றைச் சப்பாத்து. சென்ட் லோரன்டில் எங்கள் தெருவும் அப்படித்தான். போன ஜூலையில் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, ஒரு மெத்தைக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி ஒன்று கிடந்தது. நீளமாக, ஒரு முனை அகன்று. பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குப்பை கிளறுகிற பழக்கம் எனக்கில்லை, நம்புங்கள். ஆனாலும் பாலைக் கீழே வைத்துவிட்டுக் குந்தியிருந்து அதைத் திறந்தேன்.

உள்ளே ட்றம்பெற் இல்லை. சிவப்பு வெல்வெற்றில் அது கிடந்த பள்ளம் மட்டும் இருந்தது. மணம் மட்டும் போகவில்லை. வால்வுக்கு விடுகிற எண்ணெய், பித்தளை, யாரோ ஒருவருடைய பழைய எச்சில். நல்ல மணம் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் அந்த மணத்தோடு முதலில் வருவது பயம்தான். பாட்டு பிறகுதான் வரும்.

என் கணவர் மரியதாஸ் ட்றம்பெற் வாசிப்பவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்குக் கோயில் பாண்டில் அவர்தான் முதல் ட்றம்பெற். நான் அந்தப் பாண்டுக்குப் பின்னால் மெழுகுதிரியும் கையுமாக நடந்த பெட்டைகளில் ஒருத்தி. வாசிக்கும்போது புடைக்கிற அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் கலியாணத்துக்கு ஓமென்றேன் என்று சொன்னால் என் தங்கைகள் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவளவைக்கு வாய்த்ததுகளின் கழுத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

கோயில் பாண்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். பெருநாளன்று புனிதரின் சுரூபத்தைத் தோளில் தூக்கி வருகிறவர்கள் பாட்டுக்குத்தான் கால் வைப்பார்கள். பாட்டு நின்றால் கால் நிற்கும், கால் நின்றால் சுரூபம் நடுத்தெருவில் ஆடும். அதனால் ஒரு சட்டம் இருந்தது. முன்னால் நடக்கிற பாண்ட் மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை மடக்கி, கீழே இழுக்கும்வரை வாயை எடுக்கக் கூடாது. கிளாரினெற் களைத்தால் விடலாம். மேளக்காரர் ஆள் மாறலாம். முதல் ட்றம்பெற் விடக் கூடாது. மழை வந்தாலும் விடக் கூடாது. இவர் பத்து வயதிலிருந்து அந்தக் கையைப் பார்த்தே வாசித்தவர். எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்று தானாக யோசிக்கவேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை.

மொன்றியலுக்கு வந்தபோது எங்களிடம் இரண்டு சூட்கேஸும் அந்த ட்றம்பெற்றும் இருந்தன. ஒரு அறை வீடு. முதல் மாதமே கீழ்வீட்டுக்காரி முறைப்பாடு செய்தாள், வீட்டுக்காரன் வந்து கதவில் நின்று இனி ஒருதரம் சத்தம் கேட்டால் வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இவர் உடுப்பு அலுமாரியைத் திறந்து, என் சீலைகளுக்கும் குளிர்ச் சட்டைகளுக்கும் நடுவில் தலையையும் ட்றம்பெற்றையும் சேர்த்து நுழைத்து வைத்துக்கொண்டு வாசிப்பார். வெளியில் அரைவாசி மனிசன்தான் தெரியும். சிரிப்புக்குரிய காட்சிதான், நானும் முதலில் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காரணம், இவர் கதைப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார். உலோகம் மினுக்குகிற தொழிற்சாலையில் வேலை. வருவார், குளிப்பார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். "என்னப்பா, என்ன யோசினை?" என்றால் "ஒண்டுமில்லை." கறி எப்பிடி? "ஓம்." ஓம் என்பது ஒரு பதிலா, சொல்லுங்கள். அலுமாரிக்குள் வாசிப்பதும் குறைந்தது. அந்த வீட்டில் என் குரல் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த மனிசனை நான் இழந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேலைக்குப் போகிறார். சொன்னால் உனக்கென்ன குறை என்றுதான் கேட்பார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜோசுவே வந்து சேர்ந்தான். இவருக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்கிற ஹெயிட்டிக்காரப் பெடியன். மெஷினுக்கு மேலே சின்ன கசற் பிளேயர் ஒன்று வைத்திருப்பான், நாள் முழுக்க அமெரிக்க ஜாஸ் ஓடும். மினுக்குகிற சத்தத்துக்குள் இவருக்கு அது எப்படிக் காதில் விழுந்ததோ தெரியாது. ஒருநாள் கசற் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு இன்னொன்று. அலுமாரி மறுபடி திறந்தது. கேட்டுக் கேட்டு அப்படியே வாசிப்பார். எனக்கு முதலில் அந்தப் பாட்டுகள் பிடிபடவே இல்லை, எங்கே தொடங்கி எங்கே போகிறார்கள் என்று தெரியாது. ஆளுக்கு ஆள் தனித்தனியாக முன்னுக்கு வந்து மனம்போன போக்கில் வாசித்துவிட்டுப் போவது மாதிரி இருக்கும்.

"மனம்போன போக்கு இல்லையப்பா," என்று இவர் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கதைத்தார். "ஒவ்வொருத்தனும் எவ்வளவு நேர்த்தியா நிப்பாட்டுறான் எண்டு பாரும். அவங்கட மாஸ்டர் வலு கெட்டிக்காரனாயிருக்கவேணும்."

கசற்றில் கை தெரியாது. அது எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஜோசுவே ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற ஒரு பார் இருந்தது, ரயில் பாதைக்குக் கீழே கறுப்பினச் சனங்கள் இருந்த பழைய பகுதியில். அங்கே மத்தியானத்துக்குப் பிறகு ஒரு ஜாஸ் பாண்ட் வாசிக்கும். பாண்டின் தலைவர் கிளைவ், பியானோ வாசிக்கிற வயதான மனிதர். அவருடைய ட்றம்பெற்காரன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான், அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார் என்று ஜோசுவே சொன்னான். ஒத்திகை இல்லை, ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களோடு ஏறி வாசிக்கட்டும், சரிவந்தால் இடம் அவருக்கு.

இவர் அதைக் கேட்டு மூன்று நாள் ட்றம்பெற்றைத் துடைத்துத் துடைத்து வைத்தார். நாலாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "போறன். ஆனா இது சரிவராட்டி ட்றம்பெற்றை வித்துப்போடுவன். பேந்து இதைப்பற்றி ஒரு கதையும் எடுக்கக்கூடாது."

"வித்துப்போட்டு என்னத்தை ஊதப்போறியள்? அடுப்பையோ?"

சிரிக்கவில்லை. சும்மா சொல்கிற மனிசன் இல்லை அவர். ட்றம்பெற் வீட்டைவிட்டுப் போனால் மிச்சமிருக்கிற நாலு வார்த்தையும் அதோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே போனோம். நல்ல பனிக்காலம். பாருக்கு என்ன உடுத்துக்கொண்டு போவது என்று என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பாண்ட் வாசிக்கிற இடம்தானே என்று பெருநாளுக்குக் கட்டுகிற பச்சைப் பட்டுச் சீலையைக் கட்டி, அதற்கு மேலே குளிர்க் கோட்டும் காலில் பனிச் சப்பாத்துமாகப் போய் நின்றேன். பரிசாரகப் பெண் "போன்ஜூர்" என்றவள் மிச்சத்தை விழுங்கிவிட்டாள். உள்ளே சிகரெட் புகை, பியர், ஈரக் கம்பளி மணம். நான் தேத்தண்ணி கேட்டேன். பாவம், எங்கேயோ தேடி ஒரு கோப்பை கொண்டுவந்து தந்தாள்.

இவர் பஸ்ஸில் வரும்போதே ட்றம்பெற்றின் வாய்த்துண்டைக் கழற்றிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். குளிர்ந்த உலோகத்தில் வாய் வைத்தால் உதடு போய்விடும். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. "பயமா இருக்கே?" என்று கேட்டேன். "ஓம்," என்றார். அன்றைக்கு அந்த ஓம் ஒரு பதில்தான்.

பார் இருந்த அந்தத் தெருவைப் பற்றிக் கிளைவ் பிறகு எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறார், இடையில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தகப்பன் ரயிலில் பெட்டி தூக்கிய போர்ட்டர். அமெரிக்காவில் குடியைத் தடைசெய்த காலத்தில் அங்கேயிருந்து சனம் ரயில் ஏறிக் குடிக்க இங்கே வந்ததாம். சனத்துக்குப் பின்னால் பாட்டுக்காரர்கள் வந்தார்களாம். தெரு முழுக்க விளக்கு, வாசலுக்கு வாசல் பாண்ட். இரண்டாம் உலக யுத்தம் முடிய அமெரிக்க இளசுகள் அந்தப் பாட்டை ஆடமுடியாத வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ரெலிவிஷன் வந்தது, மின்சார கிற்றார் வந்தது, பார்கள் ஒவ்வொன்றாக மூடின. நாங்கள் போனபோது அந்த ஒரு பாரும் ஞாயிறு மத்தியானமும்தான் மிச்சம்.

சரி. மேடைக்கு வருவோம்.

கிளைவ் இவரைக் கைகொடுத்து ஏற்றினார். ப்ளூஸ், எல்லாருக்கும் தெரிந்தது, பயப்படாதே என்றார். ப்ளூஸ் என்றால் சின்னச் சுற்று ஒன்று, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும், வந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே ஆளுக்கு ஆள் வாசிப்பார்கள். சாக்ஸபோன்காரன் முதலில் வாசித்தான், நாலைந்து சுற்றில் பின்னுக்குப் போனான், சனம் கைதட்டியது. கிளைவ் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இவர் தொடங்கினார். முதல் சுற்றுத் தாழ்வாக, நடுக்கத்தோடு. இரண்டாவதில் நடுக்கம் போய்விட்டது. மூன்றாவதில் நான் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டேன். அலுமாரிக்குள் சீலைகளுக்கு நடுவில் கேட்ட சத்தம் இல்லை இது. தெருவில் கேட்கவேண்டிய சத்தம். சனம் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது. யாரோ மேசையில் தாளம் போட்டார்கள். என் கண் நிறைந்துவிட்டது. என் மனிசன், பாருங்கோடா என்று கத்தவேண்டும் போல இருந்தது.

சுற்றுகள் போய்க்கொண்டே இருந்தன. சனம் கைதட்டியது, இவர் விடவில்லை. மறுபடி கைதட்டியது, விடவில்லை. பக்கத்து மேசைக் கிழவர் எழும்பி நின்றுவிட்டார். என் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னார்: அமெரிக்காவில் ஒரு கோடை விழாவில், இனி இவர்களுடைய காலம் போச்சு என்று எல்லாரும் கைகழுவிவிட்ட ஒரு பெரிய பாண்டில், சாக்ஸபோன்காரர் ஒருவர் இப்படித்தான் நடுப்பாட்டில் எழும்பிச் சுற்றுக்கு மேல் சுற்றாக வாசித்தாராம். ஒரு பெண் எழும்பி ஆட, சனம் கதிரைக்கு மேலே ஏற, அந்த ஒரு பாட்டோடு பாண்டுக்கு மறுபடி உயிர் வந்ததாம். இன்றைக்கு நான் அதைப் பார்க்கிறேன் என்றார் கிழவர். கண்ணெல்லாம் தண்ணீர்.

பிறகு கிழவரும் மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார்.

ஏனென்றால் இவர் இன்னும் விடவில்லை. டிரம்ஸ்காரனின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. ஆளுயர வயலின் மாதிரி நிற்கிற பேஸை வாசிக்கிற பெடியன் ஒரு கையை உதறிவிட்டு மற்றக் கையால் இழுத்தான். இவருடைய கழுத்து புடைத்து, நெற்றியெல்லாம் வேர்த்து, சத்தம் இடையிடையே கிழிந்தது. கிழிந்த இடத்தை ஒட்டுகிற மாதிரி இன்னும் பலமாக ஊதினார். வாயோரத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. சாக்ஸபோன்காரன் தானாவது புகுந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வாயில் வைத்தான். கிளைவ் அவனைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். வாசித்துக்கொண்டிருக்கிறவனை மற்றவன் வெட்டக் கூடாது, அது அவர்களுடைய சட்டம். எனக்கு அது பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில், இந்தக் கிழவன் என் புருஷனை வேண்டுமென்றே கொல்லுகிறான் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. பரிசாரகப் பெண் தட்டோடு அப்படியே நின்றாள்.

இவருடைய கண்ணைப் பார்த்தேன். கண் சனத்தில் இல்லை, கூரையில் இல்லை. கிளைவுடைய வலது கையில் இருந்தது. பியானோக் கட்டைகளை விட்டு உயராத, உயரவே முடியாத அந்தக் கையில்.

கடவுளே, இந்த மனிசன் மாஸ்டரின் கைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்!

கிளைவ் இவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார், இவர் கிளைவ் முடிக்கச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். இப்படியே போனால் உதடு வெடித்து, மனிசன் அந்த இடத்திலேயே விழுந்து, அதோடு ட்றம்பெற்றும் போய், இவரும் போய், நான் அந்த ஒரு அறை வீட்டுக்குள் தனியே என் குரலைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். அவ்வளவும் எனக்கு ஒரே கணத்தில் தெரிந்தது.

எழும்பினேன். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பட்டுச் சீலையும் பனிச் சப்பாத்துமாக மேசைகளுக்கு நடுவில் போய் நின்றேன். எங்கள் கோயிலில் பெண்பிள்ளை பாண்டுக்கு முன்னால் நடந்ததே கிடையாது. என் வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினேன். இவர் காணவில்லை. "இஞ்சாருங்கோ!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். திரும்பினார். கண்டார். கை உயர்ந்தால் அந்தச் சுற்றை முடிக்கவேண்டும். முடித்தார், ஒரு நீட்டு ஓசையில் கொண்டுவந்து சேர்த்தார். விரல்களை மடக்கிக் கீழே இழுத்தேன். ட்றம்பெற் வாயை விட்டு இறங்கியது.

பிறகு அந்தப் பார் இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். கிழவர்தான் கதிரையை இழுத்து என்னை இருத்தினார்.

இடைவேளையில் கிளைவ் எங்களிடம் வந்தார். பாண்டுக்குத் தலைவர் நானா அல்லது உன் மனைவியா என்று இவரைக் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். நான் எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் கோயில், சுரூபம், மாஸ்டரின் கை எல்லாவற்றையும் கொட்டினேன். கிளைவ் சிரிப்பதை நிறுத்திவிட்டார். இந்தச் சங்கீதம் அமெரிக்காவின் தெற்கில் தொடங்கிய நாளில் எங்களுக்கும் அப்படித்தான் என்றார். செத்தவீட்டுக்கும் திருநாளுக்கும் பாண்ட் தெருவில் நடந்து போகும், தோளில் பட்டி போட்ட ஒருவர் முன்னால் நடப்பார், அவர் சொல்லுகிற இடத்தில் தொடங்கி அவர் சொல்லுகிற இடத்தில் முடிப்பார்கள். வீட்டுக்குள் வந்து கதிரை போட்டு இருந்த பிறகுதான் அந்த முன்னால் நடக்கிற ஆள் இல்லாமல் போய்விட்டார் என்றார். கொஞ்சநேரம் தன் கைகளைப் பார்த்தார். பிறகு இவரிடம் சொன்னார்: இங்கே முடிக்கிறவன் வாசிக்கிறவன்தான். அதைப் பழகு. அடுத்த ஞாயிறு நேரத்துக்கு வா.

அன்றைக்குப் பஸ்ஸில், கைலேஞ்சிக்குள் பனி வைத்து உதட்டில் அழுத்திக்கொண்டு, இவர் சென்ட் லோரன்ட் வரும்வரைக்கும் கதைத்தார். வாய் வீங்கிச் சொல் பாதி விளங்கவில்லை. "அந்தப் பேஸ் பெடியன் பாவம், விரல் தேஞ்சு போச்சுப்போல. அவனுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாடு குடுக்கவேணும். நண்டு சாப்பிடுவானோ?" நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே "சாப்பிடுவான், சாப்பிடுவான்" என்றேன். எந்தக் கறி, எந்தப் பெடியன் என்பதெல்லாம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. மனிசன் கதைக்கிறார்.

அந்த இடம் இவருக்குத்தான் கிடைத்தது. பல வருஷம் வாசித்தார். இப்போது அந்தப் பார் இல்லை, அந்த இடத்தில் கண்ணாடி பல்கனி வைத்த வீடுகள். கிளைவ் போய்விட்டார். ஜோசுவே புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசர். இவருக்கு முன்பல் நாலும் கட்டுப்பல், கட்டுப்பல்லோடு ட்றம்பெற் சரிவராது. இப்போது வாய் ஓய்வதில்லை, லவாலில் இருக்கிற மகளோடு போனில் பேசத் தொடங்கினால் நான்தான் பறித்து வைக்கவேண்டும்.

தொடக்கத்து ஞாயிறுகளில் இவருக்குத் தானாக முடிக்க வரவில்லை. கிளைவ் சொன்னதெல்லாம் விளங்கும், மேடையில் மறந்துவிடும். அதனால் முன் மேசையில் நான் இருப்பேன். மூன்று நாலு சுற்றுப் போனதும் இவருடைய கண் என்னைத் தேடிவரும். நான் மேசைக்கு மேலே கையைக் கொஞ்சம் உயர்த்தி மெல்ல இறக்குவேன், வேறு யாருக்கும் தெரியாது. முடிப்பார். நாள் போகப் போகத் தானே முடித்துவிட்டு, சரிதானே என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை மட்டும் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான உத்தியோகம் நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்த காலம், இவர் அழகாக நாலு சுற்று வாசித்தார். தானே முடித்தார். ட்றம்பெற்றை இறக்கினார். டிரம்ஸ்காரனைப் பார்த்துச் சிரித்தார், அவனும் சிரித்தான், அடுத்த ஆள் தொடங்கிவிட்டான். என் கை மேசைக்கு மேலே தயாராக இருந்தது. சனம் கைதட்டியது, நானும் தட்டினேன், எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன். நான் நேர்ந்து கேட்டது இதுதானே! ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், அந்தச் சேற்றில் நின்று விம்மி விம்மி அழுதேன். அதற்குப் பிறகு என் மனிசன் எத்தனையோ ஞாயிறு வாசித்தார், நன்றாகவே வாசித்தார். முடித்துவிட்டு என் பக்கம் ஒருநாளும் பார்க்கவில்லை.